பாலர் வகுப்பு ஒரு பதவியிறக்கமா?

2019 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. அவற்றுக்கெனப் புதிய ஆசிரியர்கள் நியமிக்கப்படவில்லை. தொடக்கப் பள்ளிகளில் உபரி எனக் கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்களே பணி நிரவல் வழியாக அங்கு அனுப்பப்பட்டனர். எதிர்ப்பு எழுந்தது, விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. அந்த எதிர்ப்பில் திரும்பத் திரும்ப ஒலித்த சொல் ஒன்றுண்டு: பதவியிறக்கம்.

அந்த ஆசிரியர்களின் வாதத்தில் பாதி நியாயமானது. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கவே அவர்கள் பயிற்சி பெற்றிருந்தனர். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோடு நாள் முழுதும் இருப்பதற்கு அவர்களை யாரும் ஆயத்தப்படுத்தவில்லை. 'பயிற்சி பெறாத வேலைக்கு அனுப்பாதீர்' என்று அவர்கள் கேட்டிருந்தால் அது மிக உயர்ந்த கோரிக்கையாக இருந்திருக்கும். ஆனால் 'தகுதிக்குக் குறைந்த வேலைக்கு அனுப்பாதீர்' என்பதே உரக்கக் கேட்டது. அரசோ, எவரை அனுப்பினாலும் இந்த வேலை நடக்கும் என்று கருதியது. எதிரெதிராக நின்ற இரு தரப்பும் ஓர் அடிப்படை நம்பிக்கையில் முழு உடன்பாடு கொண்டிருந்தன: குழந்தையின் வயது குறையக் குறைய, அதற்குக் கற்பிப்பவரின் அறிவும் குறைந்தால் போதும்.

இந்த நம்பிக்கை பொய். அதுவும் சாதாரணப் பொய்யன்று. பல்கலைக்கழகம் முதல் பால்வாடி வரை ஊதியம், பட்டம், மரியாதை அனைத்தையும் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பொய். இதைக் கலைக்க வேண்டிய கல்விப்புலமே இதன் முதல் பயனாளியாக இருப்பதால்தான் இது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

1

பொய்யைச் சோதிப்பதற்குப் பொருத்தமான ஊர் பங்காருபாளையம். சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குள் அமைந்த ஊர். பழைய சித்தூர்ப் பாளையங்களில் ஒன்று. 'பங்காரு' தெலுங்கில் பொன்; 'பாளையம்' இரு மொழிக்கும் உரியது. சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பையின் சில பகுதிகளையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. பங்காருபாளையம் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் நகர்ந்தது. மொழிகள் சந்தையிலும் வீட்டு முற்றத்திலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இங்குள்ள மாம்பழச் சந்தைக்குப் பருவகாலத்தில் தோத்தாபுரி மாங்காய் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கும். அந்தச் சந்தையை நம்பிய குடும்பம் ஒன்றின் நான்கு வயதுக் குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. அந்தக் குழந்தைக்கு 'மாங்காய்' வேறு, 'மாம்பழம்' வேறு. தெலுங்கில் 'மாமிடிகாய' வேறு, 'மாமிடிபண்டு' வேறு. காயா, பழமா என்பது அதன் வீட்டில் சொல்லாராய்ச்சி அன்று, அன்றைய விலை. இந்தக் குழந்தை ஆங்கில நர்சரியின் பெஞ்சில் உட்கார்ந்ததும் 'எம் ஃபார் மேங்கோ' என்று கற்றுக்கொள்கிறது. இரு மொழிகளில் நான்கு சொற்களால் வேறுபடுத்தி அறிந்த ஒன்றை இப்போது ஒரே சொல்லால் குழப்பிக்கொள்ள அது பழகுகிறது. அதற்குக் கல்வி என்று பெயர், அதற்குக் கட்டணமும் உண்டு. அந்த 'மேங்கோ'வே தமிழ், மலையாளக் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலம் போய்ச் சேர்ந்த மாங்காய்தான் என்பதைச் சொல்ல அங்கு எவருக்கும் நேரமில்லை.

இன்னும் நுட்பமான ஒன்று. 'நாம' என்றால் கேட்பவரும் சேர்ந்தது. 'நாங்க' என்றால் கேட்பவர் நீங்கியது. தெலுங்கின் 'மனம்', 'மேமு' இரண்டுக்கும் இதே வேறுபாடு. 'நாம சாப்பிடலாமா?' என்பதும் 'நாங்க சாப்பிட்டோம்' என்பதும் யாரை உள்ளே சேர்க்கின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன என்பது அங்கன்வாடிக் குழந்தைக்குத் தெரியும். ஆங்கிலத்தின் 'வீ' இந்த வேறுபாட்டை அறியாது. முதுகலை மொழியியல் வகுப்பில் ஒரு முழு நாள் விரிவுரையாக நடத்தப்படும் இலக்கணக் கூறு ஒன்றை, மூக்கொழுகும் குழந்தை இரண்டு மொழிகளில் கையாள்கிறது. அதற்கு எவரும் பாடம் நடத்தவில்லை.

1958இல் ஜீன் பெர்கோ, உலகில் இல்லாத ஓர் உயிரியின் படத்தைக் காட்டி, அதற்கு இல்லாத ஒரு பெயரையும் சூட்டி, 'இப்போது இரண்டு இருக்கின்றன' என்று கூறிக் குழந்தைகளின் விடைக்குக் காத்திருந்தார். அதுவரை கேட்டறியாத சொல்லுக்குச் சின்னஞ்சிறு குழந்தைகள் பன்மை உருபைச் சேர்த்தனர். குழந்தை சொற்களை மனனம் செய்வதில்லை, விதிகளைக் கண்டறிகிறது என்பதற்கு அது செவ்வியல் சான்றாயிற்று. தமிழ்க் குழந்தை 'லாரி'க்கு வேற்றுமை உருபு சேர்த்து 'லாரில', 'லாரிய' என்று ஆள்வதும், 'பஸ்ஸு'க்கு உகரம் சேர்த்தே பேசுவதும் அதே உழைப்பின் விளைவுதான். மொழியியல் மாணவர் ஒவ்வொருவரும் தேர்வில் இதை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கின்றனர். எழுதியவர்களில் எத்தனை பேர், இந்த விதிகள் உருவாகும் வேளையில் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்டிருப்பர்? 'உள்ளீடு', 'சூழல்' என்று பாடநூலில் உயிரற்ற சொற்களாகக் கிடப்பது, நடைமுறையில் ஒரு பெண். அவருக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு சம்பளம் உண்டு. அல்லது சம்பளம் இல்லை.

2

பாலர் கல்வியின் வரலாற்றில் போற்றப்படும் பெயர்களின் பின்புலத்தைக் கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும்.

'கிண்டர்கார்டன்' என்னும் பெயரைத் தந்த ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் வனத்துறைப் பயிற்சி பெற்றவர். பெர்லின் அருங்காட்சியகத்தில் படிகங்களை வகைப்படுத்தியவர். 1837இல் பாட் பிளாங்கன்பர்க்கில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். விளையாட்டே குழந்தையின் சிந்தனை வடிவம் என்ற அவருடைய கருத்து எவ்வளவு பாதுகாப்பற்றதாகத் தோன்றியது என்றால், 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களையே தடை செய்தது. தடை 1860இல்தான் நீங்கியது. ஃப்ரோபெல் அதற்கு முன்பே 1852இல் இறந்துபோனார்.

மரியா மாண்டிசோரி மருத்துவர். 1907 ஜனவரியில் ரோமின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் அலைந்த பிள்ளைகளே அவருடைய முதல் மாணவர்கள். 1939இல் அவர் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்துக்குப் பயிற்சியளிக்க வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பகைநாட்டவர் எனக் கருதப்பட்டு, அவரது நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது; மகன் மாரியோ சில காலம் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானலில் தங்கினார். குழந்தையின் உள்வாங்கும் மனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாற்றில்தான் முதலில் அச்சேறியது.

கிஜுபாய் பதேகா வழக்குரைஞர். 1920இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கியவர்; 'பகல்கனவு' வழியாகத் தமிழ் ஆசிரியர்களுக்கும் அறிமுகமானவர். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், பின்னர் அனுதாய் வாகுடன் சேர்ந்து போர்டியிலும் கோஸ்பாடிலும் பழங்குடிக் குழந்தைகளுக்காகப் பணிபுரிந்தார். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையின் முற்றத்துக்குப் போகட்டும் என்பதே அவர்களது முடிவு. முற்றத்தைக் குறிக்கும் 'அங்கன்' என்ற சொல்லோடு 'அங்கன்வாடி' வழக்குக்கு வந்தது அப்படித்தான்.

வனவியலார், மருத்துவர், வழக்குரைஞர். சமூகம் உயர்ந்தவை என்று கருதும் தொழில்களிலிருந்து குழந்தையிடம் 'இறங்கி' வந்தவர்களுக்குத்தான் வரலாற்றில் பெயர் கிடைத்திருக்கிறது. இறங்கி வருவதற்கு உயரம் ஏதும் இல்லாமல், அங்கேயே தொடங்கி அங்கேயே ஓய்வு பெறும் பெண்ணுக்குப் பெயரில்லை. சான் லொரென்சோவிலும் குழந்தைகளோடு நாள் முழுதும் இருந்தவர் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். அதை மாண்டிசோரியே குறையாகக் கருதாமல் நன்மையாகக் கருதினார். கண்டுபிடிப்பு நிகழ்ந்த அறையில் இருந்த அந்தப் பெண்ணின் பெயரைக் கல்வியியல் மாணவர் எவரும் மனனம் செய்வதில்லை.

இந்த முன்னோடிகளை ஒன்றிணைப்பது கோட்பாடு அன்று. அவர்களுள் கோட்பாட்டு முரண்கள் ஏராளம். ஒன்றிணைப்பது ஒரு பழக்கம். குழந்தை என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்பது. பிறகே தாம் என்ன செய்வது என்று முடிவெடுப்பது. பாலர் ஆசிரியரின் தத்துவம் முழுவதும் இந்த வரிசையில் அடங்கியிருக்கிறது. வரிசையை மாற்றினால் எஞ்சுவது பாடத்திட்டம் மட்டுமே.

இன்று மாண்டிசோரியின் பெயர் எங்கே இருக்கிறது? சித்தூர் முதல் சென்னை வரை விளம்பரப் பலகைகளில் இருக்கிறது. ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, அவர்களால் கட்ட முடியாத கட்டணத்தின் அடையாளமாயிற்று. மாண்டிசோரி கையால் தொட்டு உணரத் தந்த எழுத்துகளை மறந்து, மூன்று வயதுக் குழந்தைக்கு நான்கு கோடு நோட்டும் வீட்டுப்பாடமும் தரும் பள்ளியும் அதே பெயரைச் சூடிக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை.

3

மாற்று வெகு தொலைவில் இல்லை. பழைய ஒன்றுபட்ட சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி உள்ளது. அங்குள்ள கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ரமா இருவரும் கிராம ஆசிரியர்களோடு சேர்ந்து, பல வயதினர் ஒரே அறையில் அவரவர் வேகத்தில் கற்பதற்கான ஏணிகளையும் அட்டைகளையும் உருவாக்கினர். உள்ளூர்க் கதைகளும் பாடல்களும் குழந்தையின் பேச்சுமொழியும் அதன் மூலப்பொருள்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் அதை ஏற்றன. சில ஆண்டுகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. எல்லைக்கு அப்பாலிருந்த கிராமப் பள்ளிகளின் அனுபவம் ஒரு மாநிலத்தின் தொடக்கக் கல்வியை மாற்றியது.

அந்த மாற்றத்தைப் பற்றி ஆய்வேடுகள் பல வந்தன. திட்டத்தை அறிவித்தவர், விரிவாக்கியவர், மதிப்பிட்டவர் எல்லோரும் அவற்றில் இடம்பெற்றனர். ஓர் அட்டையை வைத்துப் பார்த்து, அது குழந்தைக்குப் பிடிபடவில்லை என்று கண்டு, மறுநாள் திருத்திய கிராம ஆசிரியர் மட்டும் 'களத் தரவு' ஆனார். அறிவை உண்டாக்குபவர் ஒருவர், அறிவாளி எனப்படுபவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு மற்றத் துறைகளில் நடந்தால் அதற்குத் திருட்டு என்று பெயர்.

4

அங்கன்வாடியின் தோற்றத்திலும் இந்த மறதி இருக்கிறது. இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதற்கு வழிவகுத்தவற்றுள் முதன்மையானது, பள்ளி முன்பருவக் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த குழுவின் 1972ஆம் ஆண்டு அறிக்கை. குழுவின் தலைவர் மீனா சுவாமிநாதன். தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு 'வாஸவேச்வரம்' எழுதிய கிருத்திகாவைத் தெரியும். மீனா அவருடைய மகள் என்பது பலருக்குத் தெரியாது. பசுமைப் புரட்சியைப் பேசும்போது கணவர் பெயர் வரும். நாவலைப் பேசும்போது தாயார் பெயர் வரும். கோடிக்கணக்கான குழந்தைகளின் முதல் வகுப்பறைக்கு அடித்தளமிட்டவரின் பெயர் கல்வியியல் வகுப்புகளில் அரிதாகவே வரும். காரணம் வெளிப்படை: அவர் எடுத்துக்கொண்ட பொருள் 'சின்னப் பிள்ளைகள் விஷயம்'.

திட்டம் ஆறு சேவைகளை வகுத்தது: கூடுதல் ஊட்டச்சத்து, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்துக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை. இந்த ஆறும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் ஆகிய இருவரின் தோளில். எடை பார்ப்பதும், முட்டை வேகவைப்பதும், கர்ப்பிணி வீட்டுக்குச் செல்வதும், கைபேசிச் செயலியில் பதிவதும் போக மிஞ்சும் பொழுதில் கதை சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்பவருக்கு அரசு 'ஊதியம்' தருவதில்லை; 'மதிப்பூதியம்' தருகிறது. ஒன்றிய அரசு தன் கணக்கில் 2018 அக்டோபர் முதல் நிர்ணயித்தது மாதம் 4,500 ரூபாய். ஆந்திர அரசு தன் பங்கையும் சேர்த்து 11,500 ரூபாய் வழங்கிவந்தது. ஒப்பிட வேண்டியவர்கள் ஒப்பிடலாம்: இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்; உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். குழந்தை மொழியைக் கற்கும் நிலை பற்றி ஆய்வு செய்பவர், அதைக் கற்கத் துணைநிற்பவரைவிட மூன்று மடங்குக்கு மேல் பெறுகிறார்.

சட்டமும் நீண்டகாலம் கண்ணை மூடியிருந்தது. 2006இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்றது. 2022 ஏப்ரலில் மணிபென் வழக்கில் அதே நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அங்கன்வாடியில் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடப்பது கல்விப் பணியே என்றும், கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவோடு அது தொடர்புடையது என்றும் ஏற்றது. நீதிமன்றம் கண்டுகொண்டதைக் கல்வித்துறைகள் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

2023 டிசம்பரில் ஆந்திர அங்கன்வாடிப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 42 நாள் நீடித்தது. இடையில் மாநில அரசு அவர்கள்மீது இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை ஏவியது. சம்பளம் கேட்டால் அவர்கள் ஊழியர் அல்லர், தன்னார்வலர். வேலையை நிறுத்தினால் அவர்கள் இன்றியமையாதவர். ஒரே பெண்ணை ஒரே அரசு ஒரே வாரத்தில் இரண்டு விதமாகவும் விளக்கியது. அந்த 42 நாளில் கல்வியாளர்களின் கூட்டறிக்கைகள் எத்தனை வந்தன என்று தேடிப் பார்ப்பவர்களுக்கு அதிக நேரம் செலவாகாது.

5

மறுப்புகள் எழும். அவற்றுள் மூன்று கவனிக்கத்தக்கவை.

முதல் மறுப்பு: 'பெற்றோர் ஆங்கிலத்தைத்தான் கேட்கின்றனர், இந்தப் பேச்செல்லாம் மேட்டுக்குடியின் தாய்மொழிப் பற்று.' பெற்றோர் முட்டாள்கள் அல்லர். ஆங்கிலம் தெரிந்தவருக்குத் திறக்கும் கதவுகள் எவை என்பதைச் சந்தையில் மூட்டை தூக்குபவர் பேராசிரியரைவிடத் துல்லியமாக அறிவார். தம் பிள்ளைகளை ஆங்கிலவழியில் படிக்கவைத்துவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியைப் பரிந்துரைக்கும் கல்வியாளரிடம் அவருக்கு ஐயம் எழுவது இயல்பு; அந்த ஐயம் நேர்மையானது. ஆந்திர அரசு 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்ற ஆணையிட்டதையும், 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை நீக்கியதையும் இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். ஆனால் ஆங்கிலம் வேண்டுமா என்பது இங்கு கேள்வியே அன்று. மூன்று வயதில் குழந்தையின் வாயை அடைத்துவிட்டு ஆங்கிலத்தை அடைய முடியுமா என்பதே கேள்வி. ஒரு மொழியில் ஆழ வளர்ந்த சிந்தனைத் திறன் அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும் என்பது ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்து இன்றும் நிற்கும் கருத்து. ஆங்கிலத்தை அடையும் வழியும் 'மாங்காய்', 'மாம்பழம்' வழியாகவே செல்கிறது.

இதே இடத்தில் தாய்மொழிவாதிகளும் தப்ப முடியாது. பங்காருபாளையத்தில் தெலுங்கே தாய்மொழி என்று அரசாணை கூறினால் தமிழ்க் குழந்தை அங்கே அயலாள். எல்லையின் இப்பக்கம் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின் நிழலில், ஒசூர்ப் பகுதியின் தெலுங்குக் குழந்தைக்கும் அதே நிலை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்வி வசதி தர வேண்டும் என்று அரசமைப்பின் 350ஏ கூறுகிறது. அது இரு மாநிலங்களுக்கும் பொது. போதாக்குறைக்குத் தமிழின் இரட்டை வழக்கு வேறு. வீட்டில் 'வந்தாங்க' என்று பேசும் தமிழ்க் குழந்தையிடம் 'வந்தார்கள்' என்று சொல்லச் சொல்லித் திருத்தும் வகுப்பறையும், அதன் தாய்மொழியில் நடப்பதாகக் கூறிக்கொள்ள முடியாது. ஆணைகள் மாநிலத்தின் மொழியை அறியும்; குழந்தையின் மொழியை அறிவது ஆசிரியரின் காது மட்டுமே. இரு மொழியும் கேட்டுப் பழகிய, அந்தத் தெருவிலேயே வளர்ந்த ஆசிரியரே இங்கு உண்மையான மொழிக் கொள்கை.

இரண்டாம் மறுப்பு: 'அங்கன்வாடியில் நடப்பது பராமரிப்பு, கல்வி அன்று.' சோறூட்டுவதும் கைகழுவி விடுவதும் உறங்கவைப்பதும் கல்விக்கு இடையூறு என்று கருதுபவர்கள் நான்கு வயதுக் குழந்தையோடு ஒருநாள் உணவருந்தியதில்லை. 'சூடா இருக்கா? ஊதிக்கோ. யாருக்கு இன்னும் வேணும்? பாப்பாவுக்கு மிச்சம் வை' என்ற நான்கு வாக்கியங்களில் காரணம், அளவு, பிறர் மனம், நாளை ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. 1984இல் வெளியான ஆய்வுக்காகப் பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் லண்டனில் நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகளின் பேச்சை வீட்டிலும் மழலைப் பள்ளியிலும் பதிவு செய்து ஒப்பிட்டனர். வீட்டு வேலைகளுக்கு நடுவே தாயோடு நடந்த பேச்சு, பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியரோடு நடந்த பேச்சைவிட வளமாக இருந்தது. தொழிலாளர் குடும்பச் சிறுமிகள் வீட்டில் ஓயாமல் கேள்வி கேட்டனர், பள்ளியில் அடங்கிப்போயினர். அந்த அடக்கத்தைக் கண்டவர்கள் அவர்களுக்கு மொழி வளமில்லை என்று முடிவுகட்டினர். பங்காருபாளையத்தின் ஆங்கில நர்சரியில் கைகட்டி வாய்பொத்தி அமர்ந்திருக்கும் குழந்தையை 'ஒழுக்கமான பிள்ளை' என்று பாராட்டுவோரும், 'மந்தமான பிள்ளை' என்று தள்ளுவோரும் அதே பிழையைத்தான் செய்கின்றனர். பராமரிப்பும் கல்வியும் பிரிக்கப்பட்டது குழந்தைக்காக அன்று; ஒன்றுக்குக் குறைந்த கூலி தருவதற்காக.

மூன்றாம் மறுப்பு: 'அவர்களுக்குத் தகுதி இல்லை, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களை ஆசிரியர் என்று எப்படி அழைப்பது?' இது மூன்றிலும் நேர்மை குறைந்தது. தகுதி தராதவர்களே தகுதியில்லை என்று கூறும் வாதம் இது. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையான பருவத்தை 'அடித்தளநிலை' என்று உயர்வாகப் பேசுகிறது. அந்த அடித்தளத்தை இடப்போகும் அங்கன்வாடிப் பணியாளருக்கு அது வகுத்த பயிற்சி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம், அதையும் தொலைக்காட்சி அலைவரிசை வழியாகவும் கைபேசி வழியாகவும் நடத்தலாம். மேல்தளத்துக்குப் பல்லாண்டு ஆய்வும் முனைவர் பட்டமும், அடித்தளத்துக்குக் கைபேசி. கட்டடக் கலை அறியாதவர்கூட இந்த வீட்டில் குடியிருக்க அஞ்சுவார்.

வேறு எந்தப் பயிற்சியைத் தர வேண்டும் என்று கேட்டால், விடையில் பாதி மொழியியல் துறைகளின் கையிலேயே இருக்கிறது. குழந்தையின் பிழை எப்போது பிழை, எப்போது அது புதிய விதியைக் கண்டுபிடித்ததன் அடையாளம்? இருமொழிக் குழந்தை மொழி கலந்து பேசினால் அது குழப்பமா, திறமையா? பேச்சு தாமதிப்பதில் எது இயல்பு, எதற்கு மருத்துவரை நாட வேண்டும்? வீட்டுத் தமிழிலிருந்து நூல் தமிழுக்குக் குழந்தையை அவமதிக்காமல் அழைத்துச் செல்வது எவ்வாறு? இவற்றுக்கான விடைகள் ஆய்விதழ்களில் ஆங்கிலத்தில் உறங்குகின்றன. தேவைப்படுபவரோ கையில் கரண்டியோடு நிற்கிறார். பயிற்சி ஒருவழியாக நடக்கவும் கூடாது. இருபது ஆண்டுகள் இருமொழிக் குழந்தைகளின் பேச்சைக் கேட்டவருக்குத் தெரிந்தது, இருபது மணிநேர ஒலிப்பதிவு வைத்திருப்பவருக்குத் தெரியாது.

6

ஆகவே வேண்டப்படுவன இவை.

முதலாவதாக, 'பணியாளர்' என்ற சொல் நீங்கி 'ஆசிரியர்' என்ற சொல் வர வேண்டும். சொல்லோடு ஊதியமும் வர வேண்டும். ஊதியமில்லாத பெயர்மாற்றம் மாலை மரியாதைக்குச் சமம்.

இரண்டாவதாக, பாலர் கல்வியைச் சான்றிதழ் வகுப்பாக அன்றி முழுப் பட்டப்படிப்பாகப் பல்கலைக்கழகங்கள் நடத்த வேண்டும். ஏற்கெனவே பணியிலிருப்பவரின் அனுபவத்தைத் தகுதியாக ஏற்க வேண்டும்.

மூன்றாவதாக, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலக்கும் இந்த எல்லைப் பகுதிக்கெனப் பாலர் வகுப்புப் பொருள்கள் உருவாக வேண்டும். இம்மாவட்டத்தின் குப்பத்திலேயே 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பெயரே இப்பணிக்கான அழைப்பு.

நான்காவதாக, குழந்தை மொழி பற்றிய ஆய்வில் தரவு தந்த அங்கன்வாடி ஆசிரியரின் பெயர், அவர் இசைந்தால், நன்றியுரையில் அன்று, ஆசிரியர் வரிசையில் வர வேண்டும்.

2019இல் எதிர்த்த இடைநிலை ஆசிரியர்களைக் குறைகூறுவது எளிது. அவர்கள் பள்ளியின் ஏணியில் ஒரு படி கீழே தள்ளப்பட்டதாக உணர்ந்தனர். அந்த ஏணியை அவர்கள் செய்யவில்லை. அதைச் செய்தவர்கள் பாடத்திட்டக் குழுக்களிலும் தேர்வாணையங்களிலும் பல்கலைக்கழகப் பேரவைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். தாய்மொழி நாளிலும் குழந்தைகள் நாளிலும் மேடையேறி உரையாற்றுபவர்களும் அவர்களே. அவர்களிடம் கேட்பதற்கு ஒன்றே உள்ளது: அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டம் எப்போது, அதில் ஓர் அங்கன்வாடி ஆசிரியருக்கு நாற்காலி உண்டா?